பெரிபெரியும் புழுங்கல் அரிசியும்: நோய்க்குக் காரணம் தேடப் பழகுவோம்

நோய்ப் பரவியல் படிக்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பாடம் கோலாலம்பூரில் நடந்தது.

படி 1: சந்தேகத்தை எழுதுங்கள், தீர்ப்பை எழுதாதீர்கள்

நூறு ஆண்டுகளுக்கு முந்தைய மலாயாவில், தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள், நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோயால் செத்துக்கொண்டிருந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அந்த நோய் அரிது. அப்படியானால் அரிசிதான் காரணமா? இதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. இரு தரப்புக்கும் வேலை வேறு, குடியிருப்பு வேறு, கறியும் குழம்பும் வேறு. இவற்றில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். இதைத்தான் குழப்பக் காரணி என்கிறோம்.

படி 2: மற்றதையெல்லாம் சமமாக்குங்கள்

1905 இறுதியில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனை நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்ணுக்கு ஒரு வார்டு, சயாம் பச்சரிசி. இரட்டைப்படைக்கு இன்னொரு வார்டு, புழுங்கல் அரிசி. மற்ற சாப்பாடு ஒன்றுதான். பாதியில் வார்டுகளையும் மாற்றிப் போட்டார், அரிசியை மாற்றவில்லை. நோய் வார்டிலேயே தங்கிவிடவில்லை, அரிசியோடு போனது! பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் 18 பேர் இறந்தார்கள், புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் ஒருவர்கூட இல்லை. பச்சரிசியைத் தீட்டும்போது வைட்டமின் பி1 தவிட்டோடு போய்விடுகிறது, புழுங்கல் அரிசியில் பெருமளவு தங்கிவிடுகிறது என்பது பின்னால் தெரிந்தது.

இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி தராது, தரவும் கூடாது. அதனால் பெரும்பாலும் நடந்ததைக் கவனித்துத்தான் கற்கிறோம்.

படி 3: எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறீர்கள்?

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு கல்யாண விருந்து என்று வைத்துக்கொள்வோம். வந்தவர்களின் பட்டியல் கையில் இருக்கிறது. எல்லோரையும் கேட்டு, சட்னி சாப்பிட்டவர், சாப்பிடாதவர் என்று பிரித்து, யாருக்கு வயிற்றுப்போக்கு வந்தது என்று பார்க்கலாம். இது கோஹார்ட் ஆய்வு.

பத்துமலைத் தைப்பூசத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தல் என்றால்? யார் யார் குடித்தார்கள் என்ற பட்டியலே கிடையாது. அப்போது நோய்ப்பட்டவர்களிடமிருந்து தொடங்கி, அன்று வந்து நலமாக இருப்பவர்களையும் சேர்த்து, இருவரிடமும் ஒரே கேள்விகளை ஒரே மாதிரி கேட்க வேண்டும். இது கேஸ்-கன்ட்ரோல் ஆய்வு. நோயில் விழுந்தவர் என்ன சாப்பிட்டோம் என்று துருவித் துருவி யோசிப்பார், நலமாக இருப்பவர் மறந்திருப்பார். அந்த வேறுபாடு முடிவையே வளைத்துவிடும்.

படி 4: கணக்குப் போடுங்கள்

செந்தூல் விருந்துக்குக் கற்பனை எண்கள்: சட்னி சாப்பிட்ட 40 பேரில் 20 பேருக்கு நோய், சாப்பிடாத 50 பேரில் 5 பேருக்கு. ஆபத்து 50 சதவீதம், 10 சதவீதம். ஒன்றை மற்றதால் வகுத்தால் 5. இதுதான் ரிஸ்க் ரேஷியோ.

கேஸ்-கன்ட்ரோலில் இப்படி வகுக்க முடியாது. நலமாக இருப்பவர்களில் எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதை நீங்களே தீர்மானித்ததால், அங்கே சதவீதத்துக்குப் பொருளில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் நோய்ப்பட்டவரை நலமாக இருப்பவரால் வகுத்து ஒப்பிடும் ஆட்ஸ் ரேஷியோதான் வழி. அதே எண்களில், சட்னி சாப்பிட்டவர்களில் நோய் 20, நலம் 20; சாப்பிடாதவர்களில் நோய் 5, நலம் 45. குறுக்கே பெருக்குங்கள்: 20 × 45 = 900, 20 × 5 = 100, வகுத்தால் 9. நோய் அரிதாக இருந்தால் இரண்டு விடைகளும் நெருங்கி வரும். இங்கே போல நிறைய பேர் படுத்துவிட்ட இடத்தில், அந்த 9-ஐ எடுத்து ‘ஒன்பது மடங்கு ஆபத்து’ என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.