குழந்தை தூங்கும் நேரத்தில் போக்கர் ஆடுபவர்களுக்கு

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா? அப்படியானால் ஆன்லைன் போக்கரில் பெரிய டோர்னமென்ட் பக்கம் போகாதீர்கள். அது மணிக்கணக்கில் இழுக்கும். குழந்தை அழுகிறதே என்று பாதியில் எழுந்து போனாலும், பிளைண்டுக்கான (முறை வரும்போது கட்டாயம் வைக்க வேண்டிய பந்தயம்) சிப்ஸ், அதாவது பந்தய வில்லைகள், உங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். அந்தத் தவிப்போடு பிள்ளையைத் தூக்குவது பாவம்.

ரிங் கேம் மேஜைதான், அதாவது எப்போது வேண்டுமானாலும் உட்கார்ந்து எழக்கூடிய மேஜைதான், நமக்குச் சரி. ஒரு கை (ஒரு சுற்று ஆட்டம்) முடிந்ததும் கிளம்பிவிடலாம்; பிக் பிளைண்ட் (பெரிய கட்டாயப் பந்தயம்) வைக்கும் முறை உங்களிடம் வருவதற்கு முன்பே எழுந்துகொண்டால் ஒரு சிப்பும் வீணாகாது. எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்பதை உட்காரும்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை இந்தியாவில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இலவச சிப்ஸ் மேஜையே போதும். பணம் கேட்கும் ஆப் என்றால் உடனே நீக்கிவிடுங்கள்.