கலனில் ஹைட்ரஜன் குறைந்தால் மரபணுவில் எங்கே தேடுவது?

காற்றுப் புகாத கலனில் சர்க்கரைக் கழிவைப் புளிக்கவைத்து ஹைட்ரஜன் எடுப்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரிந்திருக்கும்: போன வாரம் நன்றாக வந்த வாயு இந்த வாரம் பாதிதான் வருகிறது, ஆனால் சர்க்கரை வழக்கம்போலவே கரைகிறது. உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று டிஎன்ஏ வழியாகப் பார்க்கலாம், சில விஷயங்களில் கவனமாக இருந்தால்.

வாயு அளக்கும் அதே நேரத்தில் மாதிரியையும் எடுங்கள், இல்லையென்றால் பிறகு இரண்டையும் பொருத்திப் பார்க்க வழியில்லை. டிஎன்ஏவுக்கு மைனஸ் 80 டிகிரி உறைவிப்பான் போதும். ஆர்என்ஏ வேண்டுமென்றால் எடுத்த கையோடு திரவ நைட்ரஜனில் போட்டுவிடுங்கள், பாக்டீரியாவின் எம்ஆர்என்ஏ (வேலை செய்யும் மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல்) பெரும்பாலும் சில நிமிடங்களில் சிதைந்துவிடும்.

டிஎன்ஏ பிரிப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஹைட்ரஜனைத் தின்று மீத்தேன் உண்டாக்கும் கிருமிகளைக் கொல்ல, கலனில் விதையாகப் போடும் சேற்றை முதலில் கொதிக்கவைத்திருப்பீர்கள். தப்பித்தவை, ஹைட்ரஜன் தரும் கிளாஸ்ட்ரிடியம் போன்ற பாக்டீரியாக்களின் வித்துகள் (கெட்டி உறைக்குள் தூங்கும் செல்கள்), அவை செல்சுவரைக் கரைக்கும் லைசோசைம் நொதிக்கு மட்டும் உடையாது, நுண்மணிகளோடு வேகமாகக் குலுக்கியே ஆகவேண்டும். மக்கிய பொருளிலிருந்து சேற்றில் சேரும் ஹியூமிக் அமிலம், டிஎன்ஏவைச் சுழற்சிக்குச் சுழற்சி இரட்டிப்பாக்கும் பிசிஆரைத் தடுக்கும். அதனால் பத்து மடங்கு நீர்த்த மாதிரியையும் ஓட்டுங்கள். அதன் சமிக்ஞை நீர்க்காத மாதிரியைவிட ஏறக்குறைய 3.3 சுழற்சி தள்ளி வந்தால் சரி, அதைவிடச் சீக்கிரம் வந்தால் தடை இருக்கிறது.

எல்லா பாக்டீரியாவிடமும் இருக்கும் 16எஸ் என்ற மரபணுவின் வரிசை உள்ளே இருப்பவர்களின் பெயர்ப்பட்டியலைத் தரும், அதில் வரும் சதவீதத்தை அப்படியே நம்பாதீர்கள். கிளாஸ்ட்ரிடியம் அசிடோபியூட்டிலிக்கத்திடம் அந்த மரபணு 11 பிரதிகள் இருக்கின்றன, சில கிருமிகளிடம் ஒன்றிரண்டுதான், அதனால் பிரதி அதிகம் உள்ளது கூடுதலாகத் தெரியும்.

அப்புறம் ஹைட்ஏ. கிளாஸ்ட்ரிடியம் ஹைட்ரஜன் உண்டாக்கப் பயன்படுத்தும் இரும்பு-இரும்பு ஹைட்ரஜனேஸ் நொதிக்கான மரபணு இது, கியூபிசிஆரில் (அளவு சொல்லும் பிசிஆர்) எண்ணலாம். ஆனால் டிஎன்ஏ எண்ணிக்கை ஆள் இருப்பதை மட்டுமே சொல்லும், தூங்கும் வித்தும் அதில் சேரும். வேலை நடக்கிறதா என்று தெரிய எம்ஆர்என்ஏவை அளக்கவேண்டும், டிஎன்ஏஸ் நொதி போட்டு மிச்ச டிஎன்ஏவை அழித்த பிறகு, ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி சேர்க்காத ஒரு குழாயையும் கூடவே வைத்து; அதில் சமிக்ஞை வந்தால் டிஎன்ஏ மிச்சம் இருக்கிறது. எண்டரோபாக்டர் மாதிரியான பாக்டீரியாக்கள் ஃபார்மேட்டை உடைக்கும் வழியில், நிக்கல்-இரும்பு நொதியால் ஹைட்ரஜன் தருகின்றன. கிளாஸ்ட்ரிடியத்துக்கான பிரைமர் (தேடும் மரபணுவில் ஒட்டும் குட்டி டிஎன்ஏ துண்டு) அவற்றைப் பிடிக்காது.

ஹைட்ஏ எம்ஆர்என்ஏ நன்றாக இருந்தும் வாயு குறைகிறதா? யாரோ உள்ளேயே ஹைட்ரஜனைத் தின்றுகொண்டிருக்கலாம். மீத்தேன் கிருமிகளுக்கு எம்சிஆர்ஏ மரபணுவைத் தேடுங்கள். அது இல்லையென்றால் ஹோமோஅசிட்டோஜென்கள்மேல் சந்தேகப்படலாம், அவற்றிலும் வித்து உண்டாக்குபவை உண்டு, கொதிக்கவைத்தாலும் தப்பிவிடும். இவை ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து அசிட்டேட் ஆக்குவதால் அசிட்டேட் அளவு நம்மை ஏமாற்றும்: ஒரு மோல் குளுக்கோஸ் முழுக்க அசிட்டேட் ஆனால் 4 மோல் ஹைட்ரஜன் வரவேண்டும், இங்கே அசிட்டேட் ஏறும், வாயு இறங்கும். இவற்றுக்கு எஃப்எச்எஸ் மரபணுவைப் பார்ப்பார்கள், ஆனால் அது வேறு சில பாக்டீரியாக்களிலும் இருப்பதால் அதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். கலனிலிருந்து கொஞ்சம் எடுத்து, சர்க்கரை இல்லாத மூடிய புட்டியில் ஊற்றி, ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் நிரப்பி, சில நாள் அழுத்தம் இறங்குகிறதா, அசிட்டேட் ஏறுகிறதா என்று பாருங்கள்.