கட்டளை பூஜ்யம், கரன்ட் மட்டும் ஓடுகிறதா?

இருதிசை கன்வெர்ட்டரில் (பேட்டரிக்குள்ளும் வெளியேயும் கரன்ட்டை ஓட்டக்கூடியது) கரன்ட் கட்டளையைப் பூஜ்யமாக வைத்தும் பேட்டரிப் பக்கம் கொஞ்சம் கரன்ட் ஓடினால், கன்ட்ரோல் லூப்பில் (அளந்த கரன்ட்டைக் கட்டளையோடு ஒப்பிட்டுத் திருத்தும் பகுதி) கை வைக்கும் முன், ஸ்விட்சுகளை இயக்கும் கேட் பல்ஸ்களை நிறுத்திவிட்டு கரன்ட் சென்சாரைப் பாருங்கள். கிளாம்ப் மீட்டர் 0 காட்டும்போது (முதலில் அதையும் பூஜ்யம் செய்துகொள்ளுங்கள்) சென்சார் 0.3 ஆம்பியர் சொன்னால், அது ஆஃப்செட், அதாவது கரன்ட் இல்லாதபோதும் சென்சார் காட்டும் பிழை.

லூப் அந்தப் பொய்யை நம்பி, அளவீடு பூஜ்யமாகும்வரை எதிர்த்திசையில் 0.3 ஆம்பியரை நிஜமாகவே ஓட்டிவிடும். ஒருதிசை கன்வெர்ட்டர் என்றால் அதை டையோடு தடுத்திருக்கும். இங்கே தடுக்க ஆளில்லை. பிஐ கெயினை (லூப் எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்ற அமைப்பு) எவ்வளவு திருகினாலும் போகாது. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும், ரிலே திறந்து கரன்ட் ஓடாமல் இருக்கையில் சென்சாரின் சில நூறு சாம்பிள்களைச் சராசரியெடுத்து, அதை அளவீட்டிலிருந்து கழித்துவிட்டால் போதும். ஹால் சென்சார் (காந்தப்புலத்தை வைத்துக் கரன்ட்டை அளப்பது) சூடானால் அதன் ஆஃப்செட் நகரும், அதனால் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் திரும்பச் செய்யலாம்.

பல்ஸ் நின்ற பிறகும் கிளாம்ப் மீட்டரே கரன்ட் காட்டினால் இது உதவாது. தாழ்பக்க வோல்டேஜ் உயர்பக்கத்தைத் தாண்டி, ஸ்விட்சாக இருக்கும் மாஸ்ஃபெட்டின் பாடி டையோடு (அதற்குள்ளேயே அமைந்த டையோடு) வழியாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்விட்சிங் நடக்கும்போது மட்டும் பிழை வந்தால், சாம்பிள் எடுக்கும் நேரத்தை பல்ஸின் நடுவுக்கு நகர்த்திப் பாருங்கள்.