கோலத்தின் கோடு சேரவில்லை: ஸ்டெப்பர் மோட்டார் எங்கே ஸ்டெப் விடுகிறது என்று கண்டுபிடிப்பது

பெரம்பூர் வீட்டு மொட்டைமாடி அறையில் ஒரு சின்ன சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி பலகையைச் செதுக்கும் மெஷின்) வைத்திருக்கிறேன். அதன் அச்சுகளை நகர்த்துவது, சின்னச் சின்ன ஸ்டெப்பாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார். பூஜையறைக் கதவுக்கு 15 புள்ளிச் சிக்குக் கோலம் செதுக்கித் தரச் சொன்னார் அம்மா. எம்டிஎஃப் பலகையில் நான்கு பாஸ் ஓட்டி, தூசியைத் தட்டிக் காட்டினேன். விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே போனவர், “கோடு சேரலையேப்பா” என்றார். புறப்பட்ட இடத்திலேயே வந்து முடிய வேண்டிய கோடு, ஒரு மி.மீ.க்கு மேல் வலப்பக்கம் தள்ளி நின்றது.

மோட்டாருக்குத் தெம்பு போதவில்லை என்று முடிவு கட்டி, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய்ப் பெரிய மோட்டாரும் 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையும் வாங்கி வந்தேன். மறுபடி ஓட்டினால் அதே ஒரு மி.மீ. அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன்: பிழை எப்படிச் சேருகிறது என்று பார்க்கும் வரை பர்ஸைத் திறக்காதீர்கள்.

என் செட்டப்: நெமா 23 அளவு மோட்டார், 5 மி.மீ. லீடு பால் ஸ்க்ரூ (ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் திருகுத் தண்டு), மோட்டாரை ஓட்டும் டிரைவரில் மைக்ரோஸ்டெப் 8 (ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிப்பது), அர்டுயினோ போர்டில் ஜிஆர்பிஎல் (டிரைவருக்கு பல்ஸ் அனுப்பும் சாஃப்ட்வேர்). ஒரு பல்ஸுக்கு ஒரு மைக்ரோஸ்டெப். ஒரு சுற்றுக்கு 200 × 8 = 1600 பல்ஸ், ஒரு மி.மீ.க்கு 320.

படி 1: மார்க்கர் கோடு

மோட்டார் ஷாஃப்டிலிருந்து, அதை ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங் வழியாக, பால் ஸ்க்ரூ வரை ஒரே நேர்கோடாக மார்க்கரால் இழுங்கள். ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் கப்ளிங்கைப் பிடித்திருக்கும் கிரப் ஸ்க்ரூ லூஸ். ஆலன் கீயால் இறுக்குங்கள், வேலை முடிந்தது.

படி 2: காற்றில் ஓட்டுங்கள்

ஸ்பிண்டிலை (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார்) தூக்கிவிட்டு, எதையும் வெட்டாமல் அதே ஜி-கோடை (மெஷினுக்கான கட்டளை ஃபைல்) முழுதாக ஓட்டுங்கள். காற்றில் சரியாகத் திரும்பி, வெட்டும்போது மட்டும் தவறினால் சுமை அதிகம்: ஃபீடை (வெட்டிக்கொண்டு நகரும் வேகம்) குறையுங்கள், பிட் மழுங்கியிருக்கிறதா பாருங்கள், டிரைவரின் கரண்ட் சுவிட்ச் மோட்டார் லேபிளோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். காற்றிலும் வேகமாக ஓடும்போது மட்டும் தவறினால் ஜிஆர்பிஎல் செட்டிங்கில் $120 முதல் $122 வரையுள்ள ஆக்ஸிலரேஷனைப் பாதியாக்குங்கள். என்னுடையது காற்றிலும், மெதுவாக ஓட்டியும் விலகியது.

படி 3: எவ்வளவு விலகியது?

இதற்கு டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி) வேண்டும். ஸ்கேலும் வேண்டாம், டிஜிட்டல் வெர்னியரும் வேண்டாம். பாரிஸ் கார்னர் பக்கம் கிடைக்கும் 0.01 மி.மீ. டயல் கேஜும் காந்த பேஸும் போதும். என் மெஷின் அலுமினியம் என்பதால் காந்தம் ஒட்டவில்லை. ஒரு இரும்புத் தகட்டைப் போல்ட் போட்டு அதன்மேல் நிறுத்தினேன்.

1.8 டிகிரி மோட்டார் சுமை தாங்காமல் நழுவினால் இஷ்டத்துக்கு நழுவாது. நான்கு முழு ஸ்டெப், அதாவது சுற்றில் ஐம்பதில் ஒரு பங்காகத் தாவித்தான் நிற்கும். 5 மி.மீ. ஸ்க்ரூவில் ஒரு தாவல் 0.1 மி.மீ. விலகல் 0.1, 0.2, 0.3 என்று திடீர் திடீரென வந்தால் மோட்டார் தோற்கிறது. சொட்டுச் சொட்டாக 0.006, 0.012 என்று ஏறினால் மோட்டார் மேல் குற்றமில்லை, பல்ஸ்தான் எங்கோ தப்பாகப் போகிறது. பேக்லாஷ் (ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் இடையிலான தளர்வு) என்றால் பிழை சேர்ந்துகொண்டே போகாது.

படி 4: தூரமா, திரும்பலா?

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். கேஜைப் பூஜ்ஜியத்தில் வைத்து இரண்டு ஓட்டம் ஓட்டினேன். முதலாவது, எக்ஸ் அச்சில் 400 மி.மீ. போய் ஒரே தடவை திரும்புவது: முள் பூஜ்ஜியத்துக்கே வந்தது. இரண்டாவது, 2 மி.மீ. போய்த் திரும்புவது, 200 தடவை. மொத்தத் தூரம் அதே 800 மி.மீ. முள் 1.24-இல் நின்றது.

கணக்குப் போடுங்கள். ஒரு முறை போய் வர 2 பல்ஸ் தப்பினால், 200 தடவைக்கு 400 பல்ஸ்; 320-ஆல் வகுத்தால் 1.25 மி.மீ. திசை மாறும்போதுதான் கோளாறு. சிக்குக் கோலமோ வளைந்து வளைந்து திசை மாறிக்கொண்டே இருப்பது.

காரணம் இதுதான். ஜிஆர்பிஎல் திசை சிக்னலை மாற்றிய கையோடு ஸ்டெப் பல்ஸையும் அனுப்பிவிடும். டிரைவருக்கோ திசை மாறிய பிறகு சில மைக்ரோ செகண்ட் அவகாசம் வேண்டும். பல டிரைவர்களின் டேட்டா ஷீட்டில் 5 என்று இருக்கும். உள்ளே இருக்கும் ஆப்டோ கப்ளர் (சிக்னலை ஒளியாகக் கடத்தும் சின்ன எல்இடி பாகம்) சட்டென்று எரியும், அணையத்தான் நேரமெடுக்கும். அதனால் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் முதல் ஸ்டெப் பழைய திசையிலேயே போகிறது. முன்னால் வைக்க வேண்டிய அடியைப் பின்னால் வைத்தால் வித்தியாசம் இரண்டு அடி. இரு பக்கமும் தப்பியிருந்தால் ஒன்றையொன்று சரிக்கட்டியிருக்கும், எனக்குத் தெரிந்தே இருக்காது.

தீர்வு, ஜிஆர்பிஎல் செட்டிங்கில் ஒரே வரி: $2=7. ஸ்டெப் பல்ஸ் தலைகீழாகும். டிரைவர் பல்ஸின் தொடக்கத்துக்குப் பதில் முடிவில் அடியெடுத்து வைக்கும். பல்ஸின் நீளத்தைச் சொல்லும் செட்டிங் $0=10 என்று இருந்தால் 10 மைக்ரோ செகண்ட் அவகாசம் கிடைத்துவிடும். ஜிஆர்பிஎல்லைத் தாங்களே கம்பைல் செய்பவர்கள் கான்ஃபிக் ஃபைலில் ‘ஸ்டெப் பல்ஸ் டிலே’யைத் திறந்துவிட்டாலும் சரி. மாற்றியபின் 200 தடவை ஓட்டினேன், முள் அசையாமல் பூஜ்ஜியத்தில் நின்றது.

அந்த 36 வோல்ட் சப்ளை மட்டும் வீணில்லை. வேகத்தில் மோட்டார் இழுவையை விடாமல் இருக்க 24-ஐ விட அதுதான் நல்லது. உங்கள் டிரைவர் தாங்குமா என்று பார்த்து மாட்டுங்கள். பவர் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றாதீர்கள். நான் கழற்றினேன், ஒரு டிரைவர் போச்சு.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு $2=7 போட்ட ஒருவருக்கு, இல்லாத விலகல் புதிதாக வந்துவிட்டது. வயரிங் படம் வாங்கிப் பார்த்தேன். எனக்கு டிரைவர்களின் பல்ஸ் மைனஸ் முனைகள் எல்லாம் கிரவுண்டில். அவருக்கு பல்ஸ் பிளஸ் முனைகள் எல்லாம் 5 வோல்ட்டில். அப்படி வயர் செய்திருந்தால் பல்ஸ் ஏற்கெனவே தலைகீழ்தான், $2=0 என்றே விடுங்கள்.

இன்னொருவருக்கு இசட் அச்சில் மட்டும் அந்த 5 வோல்ட் வயரிங், மற்ற இரண்டும் என்னுடையது போல. அவருக்கு $2=3. எக்ஸுக்கு 1, ஒய்க்கு 2, இசட்டுக்கு 4. வேண்டியதைக் கூட்டிப் போடுங்கள், ஒவ்வொரு அச்சுக்கும் அந்த 200 தடவை ஓட்டத்தைத் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள்.