சிப்பிப்பாறையா, லேப்ரடாரா? நாய்க்குட்டி வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

என் வீட்டில் லேப். கோவில்பட்டிப் பக்கம் மாமா வீட்டில் சிப்பிப்பாறை. பொங்கலுக்குப் போகும்போது இரண்டையும் ஒரே முற்றத்தில் பார்ப்பேன். லேப், வந்தவர் போனவர் எல்லோருக்கும் வாலாட்டிவிட்டு முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சிப்பிப்பாறை தூணுக்குப் பின்னால் நின்று, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும்.

"ரெண்டுல எது நல்ல நாய்?" என்று கேட்டு அடிக்கடி போன் வருகிறது. நான் பதில் சொல்வதில்லை, கீழே இருப்பதைச் செய்யச் சொல்வேன். பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். கடைசிப் படிக்கு மட்டும் பதினைந்து நாள் ஆகும்.

படி 1: அது எந்த வேலைக்கு வந்த நாய்?

லேப்ரடாரின் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு குளிர்ந்த கடலில் வேலை செய்தவை. பிறகு இங்கிலாந்தில், சுட்டு விழுந்த பறவையைக் கவ்விக்கொண்டு வர வளர்த்தார்கள். அதனால்தான் தண்ணீரைக் கண்டால் பாயும், கண்டதையெல்லாம் வாயில் கவ்வும். உங்கள் செருப்பும் அதில் சேர்த்தி. உள்ளே பஞ்சு போல ஒன்று, வெளியே தண்ணீர் ஒட்டாத ஒன்று என முடி இரண்டு அடுக்கு.

சிப்பிப்பாறை, விருதுநகர் மாவட்டத்தில் அதே பெயருள்ள ஊரிலிருந்து பெயர் பெற்றது. கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிக்கும் நாய். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டை குற்றம். ஆனால் சட்டம் வந்தது நாய்க்குத் தெரியாதே. எது ஓடினாலும் அது பின்னால் ஓடும்.

படி 2: சுவரைப் பாருங்கள், வீட்டில் உள்ள மற்ற உயிர்களை எண்ணுங்கள்

சிப்பிப்பாறை வேண்டும் என்றால் முதலில் காம்பவுண்டுச் சுவரை அளங்கள். மாமா வீட்டில் நாலரை அடிச் சுவர் இருந்தது. ஒரு நாள் அந்தப் பக்கம் ஓணான் ஓடியிருக்கிறது, இந்தப் பக்கம் நாயைக் காணோம். சாயங்காலம்வரை ஊரெல்லாம் தேடினோம். இப்போது சுவருக்கு மேல் கம்பிவலை போட்டிருக்கிறார். கோழியோ பூனையோ வளர்க்கிற வீடு என்றால் நன்றாக யோசியுங்கள். குட்டியிலிருந்து பழக்கினால் தன் வீட்டுக் கோழியை விட்டுவைக்கும் சிப்பிப்பாறைகள் உண்டு. பக்கத்து வீட்டுக் கோழிக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

லேப்புக்குச் சுவர் அவ்வளவு முக்கியமில்லை. கேட்டைத் திறந்து வைத்தால் அடுத்த வீட்டுச் சமையலறைக்குப் போய்விடும், அவ்வளவுதான். காவலுக்கு நாய் வேண்டும் என்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

படி 3: புறங்கையைத் தார் ரோட்டில் வையுங்கள்

நீங்கள் நாயை நடத்திக் கூட்டிப்போகப் போகிற நேரத்தில் தெருவுக்கு இறங்கி, புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வையுங்கள். சூடு தாங்கவில்லையா? நாயின் பாதமும் தாங்காது. ஏப்ரல், மே மாதங்களில் மதுரையில் நான் காலை ஆறு மணிக்குள் நடையை முடித்துவிடுவேன். இரண்டு அடுக்கு முடியோடு லேப் வெயிலில் மூச்சு வாங்கிப் படுத்துவிடும், சில சமயம் உயிருக்கே ஆபத்து. அந்த முடி வருடம் முழுக்க உதிரும் என்பதையும் வீட்டில் பெருக்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சிப்பிப்பாறையின் முடி குட்டை, வெயில் பழக்கம். அதன் எதிரி மார்கழிக் குளிர். ஒரு பழைய சாக்கோ போர்வையோ போட்டுவிட்டால் போதும்.

படி 4: சோற்றை அளந்து போடுவீர்களா?

லேப்பின் பசி தீராத பசி. லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணு ஒன்றில் குறை இருப்பதாக 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நம் வீடுகளில் பாட்டி ஒரு பிடி, பேரன் ஒரு பிஸ்கட், அப்புறம் தாத்தா தட்டில் மிச்சம். எடை ஏறினால் இடுப்பு மூட்டு போய்விடும். அந்த இனத்துக்கு ஏற்கெனவே அது பலவீனம். ஒரு டம்ளரை நாய்க்கென்று ஒதுக்கி, அளந்து போடுங்கள். வெங்காயம் போட்ட சாம்பார் சோறும் திராட்சையும் எந்த நாய்க்கும் ஆகாது.

எடை சரியா என்று பார்க்க ஒரு சுலப வழி. கையை விரித்து நீட்டி, புறங்கையின் மேலுள்ள எலும்புகளைத் தடவிப் பாருங்கள். லேப்பின் விலாவும் அப்படித்தான் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கையைத் தடவுவது போல மெத்தென்று இருந்தால் கொழுப்பு கூடிவிட்டது.

சிப்பிப்பாறைக்கு விலா கண்ணுக்கே தெரியும். "ஏன்ப்பா, சோறு போடுறதில்லையா?" என்று தெருவே கேட்கும். அதைக் கேட்டு ஊட்டி வளர்த்துவிடாதீர்கள். உடம்பில் கொழுப்பு குறைவான இனம் என்பதால், அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து கொடுக்கும் முன் இது வேட்டை நாய் இனம் என்று மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

படி 5: வளர்ந்த நாயோடு ஒரு மணி நேரம்

குட்டி எல்லாமே அழகுதான், அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. மூன்று வயது நாய் இருக்கும் வீட்டுக்குக் குழந்தைகளோடு போய் உட்காருங்கள். லேப் மடியில் ஏறப் பார்க்கும். சின்னப் பிள்ளை அதன் வால் பட்டே விழும். சிப்பிப்பாறை முதலில் கிட்டேயே வராது. ஒருவரைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டால் அவர் பேச்சுக்குத்தான் மதிப்பு. கத்தி அதட்டினால் நாள் முழுக்க முகம் திருப்பிக்கொள்ளும்.

வாங்குவது என்று ஆகிவிட்டால் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாத இடத்தில் வாங்க வேண்டாம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பதற்கு 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி தடை இருக்கிறது. நான் முதலில் வாங்கிய குட்டி ஐந்து வாரக் குட்டி. பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து ஒன்பதாம் நாள் செத்துப்போய்விட்டது.

படி 6: நாயில்லாத நடை

பதினைந்து நாள், காலையும் மாலையும், ஒரு பெல்ட்டைக் கையில் பிடித்தபடி நாயில்லாமலே நடந்துவிட்டு வாருங்கள். லேப் என்றால் வேளைக்கு முக்கால் மணி நேரம். சிப்பிப்பாறை என்றால் அரை மணி போதும், ஆனால் வாரத்தில் நாலைந்து நாளாவது அவிழ்த்துவிட்டு ஓடவிட வேலி போட்ட ஓர் இடம் வேண்டும். அப்படி ஓடிவிட்டு வந்த சிப்பிப்பாறை மிச்ச நேரம் திண்ணையில் சுருண்டு தூங்கும். வேட்டை நாய்க்குத் தோட்டம் துரவு இருந்தே ஆக வேண்டும் என்று பயப்பட வேண்டாம்.

தெருவில் நாலு பேர் கேட்பார்கள், கேட்கட்டும். என் தம்பி ஆறாம் நாளே பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டு, மீன் தொட்டி வாங்கிவிட்டான்.