மேற்பார்வையாளர் ஆகிவிட்டீர்களா? முதலில் ஒரு வெள்ளைப் பலகை வாங்குங்கள்

சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் ஒரு கேட்டரிங் சமையற்கூடத்தில் 12 ஆண்டுகளாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமையல் மாஸ்டர்கள், காய் நறுக்கும் சீன ஆன்ட்டி இருவர், மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வரும் தம்பிகள், வேன் ஓட்டும் மலாய் பாக்சிக் (மலாயில் மாமா) என்று 19 பேர். எல்லாருக்கும் நான் அக்கா. புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், யார் யாருக்குச் சொல்வது என்பதைச் சரிசெய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இதை நான் ஒரு சனிக்கிழமை கற்றேன். தீபாவளி நெருங்கும் நேரம், 300 பேருக்குத் திருமண விருந்து. மட்டன் வறுவலுக்கு எவ்வளவு காரம் என்று காலையிலேயே மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். பத்து மணிக்கு விற்பனைப் பிரிவுப் பெண் அவருக்கு நேராகச் செய்தி அனுப்பினாள்: காரம் குறைக்கவும். பதினொரு மணிக்கு முதலாளி அடுப்பருகே வந்து, போன தடவை காரம் போதவில்லை என்றார்கள், கூட்டிப் போடு என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே வந்தபோது மாஸ்டர் ஒரு கையில் கரண்டியும் மறுகையில் ஆவி படிந்த கைப்பேசியுமாக நின்றார். "அக்கா, நான் யார் பேச்சைக் கேக்கட்டும்?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. அன்று வேன் 50 நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. தவறு அவருடையது இல்லை, எங்கள் மூவருடையது.

பிறகு மாலை வகுப்பு ஒன்றில் ஹென்ரி ஃபயோலைப் பற்றிப் படித்தேன். பிரான்சில் நிலக்கரிச் சுரங்கப் பொறியாளராகச் சேர்ந்து, அந்த நிறுவனத்துக்கே தலைவராக உயர்ந்தவர். நிர்வாகத்துக்கு 14 கோட்பாடுகளை 1916-ல் எழுதி வெளியிட்டார். அவற்றில் ஒன்று கட்டளை ஒருமை: ஒரு வேலைக்கு ஒருவருக்கு ஒரே ஒருவர்தான் உத்தரவிட வேண்டும். எனக்கு மாஸ்டர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே பலகை. குளிரறைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு வரி: என்ன பதார்த்தம், எத்தனை பேர், எத்தனை மணிக்கு வேன். வரியின் கடைசியில் ஒரே ஒரு பெயர். அந்த ஆர்டரில் எந்த மாற்றமும் அந்தப் பெயர்க்காரர் வழியாகத்தான் மாஸ்டருக்குப் போக வேண்டும். முதலாளி சொன்னாலும் அப்படித்தான். அவரிடம் இதை மற்றவர்கள் முன்னால் சொல்லாதீர்கள். நான் அந்தச் சனிக்கிழமைக் கணக்கை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அவர் பத்து நிமிடத்தில் ஒப்புக்கொண்டார்.

ஆனால் எல்லாம் உங்கள் வழியாகத்தான் என்று பிடிவாதமாக இருந்தால் வேலை படுத்துவிடும். சூடான சாப்பாடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. வெளியே வைத்தால் 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பாக்சிக் விரைவுச்சாலை நெரிசலில் மாட்டினால், பொட்டலம் கட்டும் தம்பியிடம் நேராகப் பேசட்டும், என்னிடம் பிறகு சொன்னால் போதும். ஃபயோலும் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்: மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தால், சம நிலையில் இருப்பவர்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளலாம்.

அடுத்து, உங்களுக்கு ஒரு மாற்று ஆள். இதைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். ஒருமுறை எனக்குக் காய்ச்சல். 200 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் எது வாங்கினாலும் என் கையெழுத்து வேண்டும் என்பது விதி. அன்று பாசுமதி அரிசி தீர்ந்துவிட்டது. கையெழுத்து இல்லாமல் கடைக்காரர் மூட்டையை இறக்கவில்லை. நான் கைப்பேசியை அணைத்துவிட்டுப் படுத்திருந்தேன். ஃபயோலுக்கும் இளவயதில், 1861-ல், இதே மாதிரி நடந்திருக்கிறது. சுரங்கத்தில் வேலை செய்த குதிரைக்குக் கால் முறிந்தது. வேறு குதிரை கேட்டார். இயக்குநர் ஊரில் இல்லை, அவர் கையெழுத்தில்லாமல் தரமாட்டேன் என்று லாயக்காரர் மறுத்துவிட்டார். அங்கே குதிரை, இங்கே அரிசி. இப்போது என் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரும் பலகையில் உண்டு. அந்தத் தம்பி 500 வெள்ளி வரை கையெழுத்துப் போடலாம். பொறுப்பைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைக் கையில் பிடித்துக்கொள்வது அவருக்குச் செய்யும் அநியாயம்.

சம்பள விஷயத்தில் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் அடிப்படைச் சம்பளம் போய்ச் சேர வேண்டும். எங்கள் அடுப்படி ஆட்களுக்கு மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, மாதத்துக்கு 72 மணி நேரம்தான் உச்சம். கணக்கை அலுவலகம் பார்க்கும் என்று விட்டுவிடாதீர்கள், வேலைப் பட்டியல் போடுவது நீங்கள்தானே. தீபாவளி மாதத்தில் மூன்றாவது வாரமே 60-ஐத் தொட்டுவிடுவார்கள். நான் ஒவ்வொருவர் மணிக்கணக்கையும் வாராவாரம் அவரிடமே காட்டுகிறேன். ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது, எண்கள் போதும். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்.

ஒழுங்கு, கட்டுப்பாடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கத்தி அதன் இடத்தில் இருக்க வேண்டும், நீங்களும் நேரத்துக்கு வர வேண்டும்.

இரவு பலகையை அழிக்கும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். அடுத்த தீபாவளிக்கு எத்தனை கிலோ மட்டன் வாங்குவது என்று மாஸ்டர் கேட்பார்.