பிரசவத் தேதி கணக்கிடுவது எப்படி? குளித்த நாளை எழுதிக் கொடுக்காதீர்கள்

2025 மே மாதம் என் கையில் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று கேரளத்தில் புனலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் கொடுத்தது. அதில் பிரசவத் தேதி ஜூன் 28. இன்னொன்று தலைப்பிரசவத்துக்குச் செங்கோட்டையில் அம்மா வீட்டுக்கு வந்த பிறகு எழுதிய தாய் சேய் அட்டை. அதில் ஜூன் 25. ஒரே வயிறு, ஒரே பிள்ளை, இரண்டு தேதி. கடைசியில் டாக்டர் இரண்டையும் அடித்துவிட்டு ஜூலை 4 என்று எழுதினார். அவர் எழுதியதுதான் சரி. ஏன் சரி என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: சரியான நாளைப் பிடியுங்கள்

கணக்கு தொடங்குவது கடைசி மாதவிடாயின் முதல் நாளில். உதிரம் பட்ட முதல் நாள். அட்டையில் எல்எம்பி என்று போட்டிருப்பது இதைத்தான். நான் தடுக்கி விழுந்த இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் வீடுகளில் மாதவிடாயைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "கடைசியா எப்போ குளிச்ச?" என்றுதான் கேட்பார்கள். கர்ப்பமாக இருப்பவளை "முழுகாம இருக்கா" என்கிறோம். மலை தாண்டினால் மலையாளத்திலும் அதே பேச்சுதான், "குளி தெற்றி" என்பார்கள். அன்று மருத்துவமனையில் சிஸ்டர் மலையாளத்தில் கேட்டதை, பக்கத்தில் இருந்த அத்தை எனக்கு இப்படித்தான் திருப்பிக் கேட்டார். நானும் தலைக்குக் குளித்த நாளை நினைத்துச் செப்டம்பர் 21 என்றேன். குளித்தது நாலாம் நாள். தொடங்கியது 18-ஆம் தேதி.

இது எப்படித் தெரிந்தது என்றால், அம்மா வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர் அக்கா, "குளிச்ச நாள் வேண்டாம், முதல்ல பட்ட நாள் சொல்லு" என்று நேராகக் கேட்டார். புகுந்த வீட்டுக்குப் போன் போட்டு, சமையலறையில் மாட்டியிருந்த பழைய காலண்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பால் கணக்கு எழுதுகிற காலண்டர். ஒவ்வொரு கட்டத்திலும் "1 லி", "1½ லி" என்று அத்தையின் கையெழுத்து, 18-ஆம் தேதிக் கட்டத்தின் மூலையில் மட்டும் நான் பென்சிலால் வைத்த சின்னப் புள்ளி. ஓணம் 15-ஆம் தேதி ஞாயிறு, அதற்குப் பின் மூன்றாம் நாள்.

இதே போல இன்னொரு தவறும் உண்டு. "நாள் தள்ளிப்போன" தேதியை, அதாவது வர வேண்டிய மாதவிடாய் வராமல் போன தேதியைச் சொல்லிவிடுவது. அப்படிச் சொன்னால் கணக்கு ஒரு மாதமே பிசகும்.

நம் ஊர்ப் பக்கம் தேதியைப் பண்டிகை வைத்து நினைவு வைப்பார்கள். தப்பில்லை, ஆனால் எந்த வருஷம் என்று பார்க்க வேண்டும். திருவோணம் 2023-இல் ஆகஸ்ட் 29, 2024-இல் செப்டம்பர் 15, 2025-இல் செப்டம்பர் 5. விஷுவையும் சித்திரை ஒன்றையும் ஒன்றாக நினைக்காதீர்கள். 2023-இல் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14, விஷு ஏப்ரல் 15. மலையாள மாதத் தேதிக்கும் தமிழ் மாதத் தேதிக்கும் சில மாதங்களில் ஒரு நாள் வித்தியாசம் வரும், ஏனென்றால் சூரியன் ராசி மாறும் நேரத்தை வைத்து முதல் நாளைக் குறிக்கிற முறை இரண்டிலும் வேறு. மனதில் கூட்டிக் கழிக்காமல் அந்த வருஷக் காலண்டரையே எடுத்து ஆங்கிலத் தேதியைப் பாருங்கள்.

இரண்டாம் படி: 280 நாள் கூட்டுங்கள்

முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். விரல் விட்டு எண்ண வேண்டாம். ஜெர்மனியில் ஹைடல்பெர்க்கில் இருந்த ஃபிரான்ஸ் நேகலே என்ற பிரசவ மருத்துவரின் பெயரால் வழங்கும் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. தேதியோடு 7 கூட்டு, மாதத்தில் 3 கழி, தேவைப்பட்டால் வருஷத்தில் 1 கூட்டு. என் கணக்கில் 18 உடன் 7 சேர்த்தால் 25. செப்டம்பரில் மூன்று போனால் ஜூன். ஆக, 2025 ஜூன் 25.

மாதங்களில் 30, 31, 28 என்று நாள்கள் மாறுவதால் இந்த வழியில் சில சமயம் மூன்று நாள் வரை கூடிவிடும். மே 1 என்று வைத்துப் பாருங்கள். குறுக்குவழியில் பிப்ரவரி 8 வரும், உண்மையில் 280-ஆவது நாள் பிப்ரவரி 5. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, கிழமை. 280 ஏழால் மிச்சமில்லாமல் வகுபடும். அதனால் மாதவிடாய் தொடங்கிய கிழமையும் பிரசவத் தேதியின் கிழமையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். என் செப்டம்பர் 18 புதன், ஜூன் 25-உம் புதன். கிழமை பொருந்தவில்லையா, பொருந்தும் வரை பின்னால் போங்கள். மூன்று நாளுக்கு மேல் போக வேண்டியிருக்காது.

எதை வைத்துக் கணக்குப் போடுவது என்று கேட்டால், என் ஓட்டு காலண்டருக்கும் கூகுள் ஷீட்டுக்கும்தான். ஒரு கட்டத்தில் தேதி, பக்கத்துக் கட்டத்தில் அதோடு 280 கூட்டு. மாதம் முன்னால் வருகிறதா நாள் முன்னால் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 5/6 என்பது ஜூன் 5-ஆ மே 6-ஆ என்று தெரியாமல் ஒரு மாதம் போய்விடும். பிரசவத் தேதி பார்க்கச் சுற்றுகிற வட்ட அட்டை எனக்குப் பிடிக்காது, கோடு நகர்ந்தால் ஒன்றிரண்டு நாள் மாறிவிடுகிறது. போன் ஆப்கள் பலவும் 28 நாள் சுழற்சி என்று தாமாகவே எடுத்துக்கொள்கின்றன. அதை மாற்றும் இடம் இல்லாத ஆப் வேண்டாம்.

மூன்றாம் படி: உங்கள் சுழற்சி 28 நாள்தானா?

280 என்ற கணக்கு 28 நாளுக்கு ஒரு முறை மாதவிடாய் வருபவர்களுக்கு. அவர்களுக்கு ஏறக்குறைய 14-ஆம் நாள் கருமுட்டை வெளிவரும், கரு தங்கும். சுழற்சி 35 நாள் என்றால் முட்டை வெளிவருவதும் ஒரு வாரம் தள்ளும், அதனால் 7 நாள் கூட்டிக்கொள்ளுங்கள். 25 நாள் என்றால் 3 கழியுங்கள். எனக்கு 35, சில மாதம் 36. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாதவிடாய் நாளிலிருந்து எண்ணுவதால், கரு தங்குவதற்கு முந்தைய இரண்டு வாரமும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. கல்யாணமாகி ஐந்து வாரம் ஆன பெண்ணுக்கு ஸ்கேனில் "ஏழு வாரம்" என்று வந்தால் அது முழுக்கச் சரியான கணக்கு. அதை வைத்துப் புதுப்பெண்ணைச் சந்தேகப்பட்டுப் பேசிய வீடுகளை நான் அறிவேன். மாமியார்களும் மாப்பிள்ளைகளும் இந்தப் பத்தியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

நான்காம் படி: முதல் ஸ்கேனோடு ஒப்பிடுங்கள்

முதல் மூன்று மாதத்தில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. அதனால் அப்போது தலையிலிருந்து பிட்டம் வரை அளந்து சொல்லும் வயது நம்பகமானது. அறிக்கையில் சிஆர்எல் என்று இருக்கும்.

வயதை 8+5 என்று எழுதுவார்கள். எட்டு வாரம், ஐந்து நாள். எட்டரை வாரம் என்று படிக்கக் கூடாது, 8.5 என்று ஆப்பில் போடவும் கூடாது. கூட்டலுக்குப் பின்னால் வரும் எண் 6-ஐத் தாண்டாது.

மாதவிடாய்க் கணக்குக்கும் ஸ்கேனுக்கும் சில நாள் வித்தியாசம் இருப்பது இயல்பு. டாக்டர்கள் பரவலாகப் பின்பற்றும் அளவு இது: மாதவிடாய்க் கணக்கின்படி 9 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் என்றால் 5 நாளுக்கு மேலும், 9-லிருந்து 14 வாரத்துக்குள் என்றால் 7 நாளுக்கு மேலும் வித்தியாசம் இருந்தால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்வார்கள். அதற்குக் குறைவென்றால் மாதவிடாய்த் தேதியே நிற்கும்.

இனி என் கதையைப் பாருங்கள். நவம்பர் 27 அன்று எடுத்த ஸ்கேனில் 8+5. நான் சொன்ன குளித்த நாள் கணக்கில் அன்று 9+4. வித்தியாசம் 6 நாள்தான், அதனால் மருத்துவமனையில் தேதியை மாற்றவில்லை. உண்மையான முதல் நாள் கணக்கில் அன்று 10+0. வித்தியாசம் 9 நாள், மாற்றியே ஆக வேண்டும். நான் மாற்றிச் சொன்ன மூன்று நாள் அந்த முடிவையே திருப்பிவிட்டது. இரண்டு அட்டையையும் ஸ்கேன் அறிக்கையையும் ஒன்றாக மேசையில் வைத்த பிறகுதான் டாக்டர் ஜூலை 4 என்று எழுதினார். என் 35, 36 நாள் சுழற்சியோடும் அது ஒத்துப்போனது.

ஒன்பது நாளில் என்ன வந்துவிடும் என்று வீட்டில் கேட்டார்கள். மகள் பிறந்தது ஜூலை 6. ஜூன் 25 என்ற அட்டையின்படி அது 41+4, வலி வர மருந்து வைக்கலாமா என்று பேசத் தொடங்கும் கட்டம். சரியான கணக்கில் 40+2 தான். இன்னொரு பக்கமும் யோசியுங்கள். ஜூன் 25-ஐ நம்பி 39 வாரம் முடிந்ததென்று ஜூன் 18-இல் சிசேரியனுக்கு நாள் குறித்திருந்தால், குழந்தைக்கு உண்மையில் 37+5 தான் ஆகியிருக்கும்.

முதல் ஸ்கேனில் முடிவான தேதியை அப்புறம் மாற்றக் கூடாது. எட்டாம் மாத ஸ்கேனிலும் ஒரு தேதி அச்சாகி வரும். அது குழந்தையின் அப்போதைய உடல் அளவை வைத்துச் சொல்வது, மூன்று வாரம் வரை முன்பின் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பத்து மாதமா, ஒன்பது மாதமா?

நம் பாட்டிமார் சொல்லும் பத்து மாதமும் டாக்டர் சொல்லும் ஒன்பது மாதமும் ஒரே 280 நாள்தான். நான்கு வாரத்தை ஒரு மாதம் என்று எடுத்தால் பத்து. காலண்டர் மாதமாக எண்ணினால் ஒன்பது மாதமும் ஒரு வாரமும். 30 வாரத்தில் வளைகாப்பு வைக்கும்போது அத்தை எட்டாம் மாதம் என்றார், அம்மா ஏழு என்றார். இரண்டு பேரும் சரி. டாக்டரிடம் மட்டும் வாரத்தில் பேசுங்கள்.

குறித்த தேதியன்றே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். 37 வாரம் முடிந்ததும் பை, அட்டை எல்லாம் எடுத்து வைத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை

கம்பத்திலிருந்து ஒரு தங்கை, மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது, எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டிருந்தார். உங்களுக்கு முதல் மூன்று படிகள் பயன்படாது. சீக்கிரமே ஸ்கேன் எடுத்து அந்தத் தேதியை வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்குழாய் முறையில் கருவுற்றவர்களுக்கு இன்னும் துல்லியம். ஐந்து நாள் கருவை வைத்த தேதியோடு 261 நாள், மூன்று நாள் கரு என்றால் 263 நாள் கூட்டுங்கள்.

சித்தூர்ப் பக்கமிருந்து ஓர் அக்கா, 2025 உகாதிக்கு முந்தின நாள் என்று மட்டும் நினைவிருக்கிறது என்று எழுதியிருந்தார். தெலுங்கு மாதம் அமாவாசைக்கு மறுநாள் தொடங்குவது, நம் பங்குனி, சித்திரையோடு சேராது, அதனால் காலண்டரைப் பார்த்தேன். உகாதி மார்ச் 30, முந்தின நாள் மார்ச் 29, சனிக்கிழமை. குறுக்குவழியில் 2026 ஜனவரி 5 வருகிறது, ஆனால் அது திங்கள். இரண்டு நாள் பின்னால் போனால் ஜனவரி 3, சனி. அக்கா, உங்கள் சுழற்சி எத்தனை நாள் என்று எழுதவில்லையே, அதையும் சொல்லுங்கள். முதல் ஸ்கேன் அறிக்கை இருந்தால் அதில் எத்தனை வாரம் என்று பார்த்து வையுங்கள்.